கட்டளை தீர்ந்துபோகும் இடம்: ராணுவ அகாடமியில் ஒழுங்கும் தலைமையும்

பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றால், "ராணுவத்தில் சேர்த்துவிட்டால் தானாகத் திருந்திவிடுவான்" என்கிறோம். அலுவலகத்தில் யாராவது எதிர்க்கேள்வி கேட்டால், "ராணுவத்தில் இப்படிக் கேட்க முடியுமா?" என்று மடக்குகிறார் மேலாளர். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே படம்: மேலே ஒருவர் கத்துகிறார், கீழே இருப்பவர்கள் யோசிக்காமல் செய்கிறார்கள், கத்துகிறவர்தான் தலைவர். இந்தப் படம் தவறானது. அதோடு நின்றால் பரவாயில்லை. மாணவர் விடுதிகளில் நடக்கும் ராகிங்கையும், வேலையிடங்களில் நடக்கும் அவமதிப்பையும் இந்தப் படத்தைக் காட்டித்தான் பலர் நியாயப்படுத்துகிறார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் பொறுமையாக விளக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். ராணுவ அகாடமி என்பது எல்லாப் படைவீரர்களும் பயிற்சி பெறும் இடம் அல்ல. அதிகாரிகளாகப் போகிறவர்கள் பயிலும் இடம். அங்கே பயில்பவரைக் கேடட் என்பார்கள். அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் 1802-ல் தொடங்கியது. பிரிட்டனில் சாண்ட்ஹர்ஸ்ட். இந்தியாவில் 1932-ல் தொடங்கிய டேராடூன் அகாடமி, முப்படைக்கும் பொதுவான கடக்வாஸ்லா அகாடமி, சென்னையில் அதிகாரிகள் பயிற்சி அகாடமி. பயிற்சிக் காலமும் பாடமும் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் எல்லா இடத்திலும் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்றுதான்.

பயிற்சி முடிந்து வெளியே வருகிறவருக்கு வயது இருபத்தொன்றோ இருபத்துநான்கோ இருக்கும். அவர் பொறுப்பில் ஏறத்தாழ முப்பது பேர் ஒப்படைக்கப்படுவார்கள். மலையிலோ காட்டிலோ வெள்ளத்திலோ அவர்களோடு நிற்கும்போது, ஒவ்வொரு அடிக்கும் மேலிருந்து கட்டளை வந்துகொண்டிருக்காது. ரேடியோ வேலை செய்யாமல் போகலாம். வந்த கட்டளை நிலைமைக்குப் பொருந்தாமல் போகலாம். அந்த இடத்தில் என்ன செய்வது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். சொன்னதை மட்டும் செய்யத் தெரிந்தவர் அங்கே உதவமாட்டார். அகாடமியில் நடக்கும் எல்லாவற்றையும் இந்த ஒரு கோணத்திலிருந்து பார்த்தால் அதன் காரணம் புரியும்.

ஒழுங்கு எதற்காக?

சாலையில் பச்சை விளக்கு எரிகிறது. நாம் வேகத்தைக் குறைக்காமல் சந்திப்பைக் கடந்துபோகிறோம். குறுக்குச் சாலையில் வருகிறவர் யார் என்று நமக்குத் தெரியாது. அவர் நல்லவரா கெட்டவரா, இன்று என்ன மனநிலையில் இருக்கிறார், எதுவும் தெரியாது. ஆனாலும் சிவப்புக்கு அவர் நிற்பார் என்று உயிரைப் பணயம் வைத்து நம்புகிறோம். அவர் விதிக்குக் கட்டுப்படுவதால் நாம் தயங்காமல் போக முடிகிறது. அவருடைய ஒழுங்கு நமக்கு வேகத்தைத் தருகிறது.

ராணுவ ஒழுங்கின் அடிப்படை இதுதான்: நான் இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் இருப்பேன், இன்னதைச் செய்வேன் என்று மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பும்படி நடப்பது. காலை ஆறு மணிக்கு வரச் சொன்னால் ஆறுக்கு முன்பே நிற்பது, படுக்கையை ஒரே மாதிரி மடித்து வைப்பது, துப்பாக்கியைத் துடைத்து வைப்பது எல்லாம் இந்த நம்பகத்தன்மைக்கான சின்னச் சின்னப் பயிற்சிகள். படுக்கை விரிப்பில் சுருக்கம் இருந்தால் போரில் தோற்றுவிடுவோம் என்று யாரும் நினைப்பதில்லை. களைத்துப்போயிருக்கும்போதும், யாரும் பார்க்காதபோதும் சிறிய வேலையைச் சரியாகச் செய்கிறாரா என்பதுதான் அங்கே பார்க்கப்படுகிறது.

ட்ரில் எனப்படும் அணிவகுப்புப் பயிற்சிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தின் மாரிஸ் இளவரசர் தன் படைக்கு இதை முறையாகப் பழக்கினார். அந்தக் காலத் துப்பாக்கியை மறுபடி நிரப்பப் பல படிகள் உண்டு. ஒருவர் அவசரப்பட்டு ஒரு படியைத் தவறவிட்டால் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. எல்லோரும் ஒரே தாளத்தில் செய்தால்தான் வரிசை வரிசையாகச் சுட முடியும். அந்தத் துப்பாக்கிகள் எல்லாம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. ட்ரில் மட்டும் தங்கிவிட்டது, அது வேறு ஒன்றையும் கற்றுத்தருவதால். ட்ரில் கட்டளைகள் பெரும்பாலும் இரண்டு பகுதியாக வரும். முதல் பகுதி என்ன செய்யப் போகிறோம் என்று எச்சரிக்கும், இரண்டாவது பகுதி செய் என்று சொல்லும். நடுவில் ஒரு சிறு இடைவெளி. அந்த இடைவெளியில் முந்திக்கொள்ளாமல் காத்திருப்பதும், சொல் விழுந்ததும் தயங்காமல் அசைவதும்தான் பாடம். முழுதாகக் கேட்டுவிட்டுச் செயல்படும் பழக்கம் உடம்பிலேயே பதிகிறது.

இதுவரை பார்த்தது: ஒழுங்கு என்பது பயத்தால் அடங்கிக் கிடப்பது அல்ல. மற்றவர் நம்மை நம்பித் தன் முடிவை எடுக்கும் அளவுக்கு நம்மைக் கணிக்கக்கூடியவர்களாக ஆக்கிக்கொள்வது.

நான்கே பதில்கள்

வெஸ்ட் பாயின்ட்டில் முதலாண்டு கேடட்டுக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. மூத்தவர் கேள்வி கேட்டால் வழக்கமாக நான்கு பதில்களில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். ஆம் ஐயா. இல்லை ஐயா. சாக்கு எதுவும் இல்லை ஐயா. எனக்குப் புரியவில்லை ஐயா.

வெளியிலிருந்து பார்த்தால் வாயைக் கட்டும் வேலை போலத் தெரியும். அந்தப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். நான்கே நான்கு பதில்களுக்கு இடம் இருக்கும்போது, அதில் ஒன்றை "புரியவில்லை" என்பதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். புரியாததைப் புரிந்ததாகத் தலையாட்டுவதுதான் படையில் மிகப் பெரிய ஆபத்து என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. புரியவில்லை என்று சொல்வதில் வெட்கம் வேண்டாம் என்பதை முதல் நாளிலேயே பழக்கிவிடுகிறார்கள்.

மூன்றாவது பதிலும் முக்கியமானது. "ஏன் தாமதம்?" என்ற கேள்விக்கு நம்மில் பலர் ஒரு கதை சொல்வோம். கதை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தாமதமானது தாமதமானதுதான். நடந்ததையும் அதற்கான சமாதானத்தையும் பிரித்துப் பார்க்கக் கற்ற பிறகுதான் ஒருவர் பொறுப்பு ஏற்க முடியும். நாளைக்குத் தன் அணியில் யாரோ செய்த தவறுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அப்போது "அவன் செய்தான்" என்று விரல் நீட்டாமல் இருப்பதற்கான ஒத்திகை இது. உண்மையிலேயே ஒரு சிக்கல் இருந்தால், ஒரு வழி பழுதாகியிருந்தால், அதைத் தெரிவிப்பது சாக்கு ஆகாது, தகவல் ஆகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உணர்வதற்குத்தான் நாள் பிடிக்கும்.

சொன்னது ஒன்று, போய்ச் சேர்ந்தது ஒன்று

கட்டளை சத்தமாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு 1854 அக்டோபர் 25-ஆம் தேதி நடந்ததைச் சொல்ல வேண்டும். ரஷ்யாவை எதிர்த்துப் பிரிட்டனும் பிரான்ஸும் துருக்கியும் நடத்திய கிரைமியப் போர். பலக்லாவா என்ற இடம். பிரிட்டிஷ் தளபதி ராக்லன் பிரபு உயரமான மேட்டில் நிற்கிறார். துருக்கியர்களிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை ரஷ்யர்கள் இழுத்துக்கொண்டு போவது அவர் கண்ணுக்குத் தெரிகிறது. குதிரைப்படை வேகமாக முன்னேறி, எதிரி பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்க வேண்டும் என்று எழுதி அனுப்புகிறார். எந்தப் பீரங்கிகள் என்று அதில் இல்லை. அவருக்கு அது வெளிப்படையாகத் தெரிந்ததால் எழுதத் தோன்றவில்லை.

கீழே பள்ளத்தாக்கில் நிற்கும் குதிரைப்படைத் தளபதி லூகன் பிரபுவுக்கு அந்தப் பீரங்கிகள் தெரியவில்லை. செய்தியைக் கொண்டுவந்த கேப்டன் நோலனிடம் எந்தப் பீரங்கி என்று கேட்கிறார். நோலன் பொறுமையிழந்து கையை ஒரு பக்கமாக வீசிக் காட்டுகிறார். அந்தத் திசையில், பள்ளத்தாக்கின் கோடியில், ரஷ்யர்களின் பீரங்கி வரிசை ஆயத்தமாக நிற்கிறது. லூகனுக்கும் இலகு குதிரைப்படையின் தலைவர் கார்டிகனுக்கும் மைத்துனர் உறவு. ஆனால் ஆகாது. உட்கார்ந்து பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளும் நிலையில் இருவரும் இல்லை. ஏறத்தாழ 670 குதிரைவீரர்கள் மூன்று பக்கமும் குண்டு பாயும் பள்ளத்தாக்குக்குள் பாய்ந்தார்கள். 110 பேர் அளவில் இறந்தார்கள். நோலனும் தொடக்கத்திலேயே இறந்துபோனார்.

அங்கே வீரத்துக்கும் குறைவில்லை, கீழ்ப்படிதலுக்கும் குறைவில்லை. சொன்னவர் தன் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொன்னார், கேட்டவர் தன் கண்ணால் பார்த்ததை வைத்துப் புரிந்துகொண்டார். நடுவில் கேட்கப்பட்ட கேள்வி மதிக்கப்படவில்லை. இன்று அகாடமிகளில் கற்றுத்தரும் தகவல் தொடர்பு முறைகள் இந்த மாதிரி இடைவெளிகளை அடைப்பதற்கானவை.

அதில் முதன்மையானது திருப்பிச் சொல்லுதல். கட்டளையைக் கேட்டவர், தான் செய்யப்போவது என்ன என்பதைத் தன் வாயால் திரும்பச் சொல்ல வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்டால் யாரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். "என்ன செய்யப்போகிறீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டால்தான் பிழை வெளியே வரும். லூகன் தான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லி, அதை ராக்லன் கேட்க வழி இருந்திருந்தால் வரலாறு வேறு மாதிரி போயிருக்கும்.

அப்புறம் கட்டளைக்கு ஒரு நிலையான வடிவம். பல நாட்டு ராணுவங்களில் கட்டளை ஐந்து பகுதிகளாகச் சொல்லப்படும்: நிலைமை என்ன, பணி என்ன, அதை எப்படிச் செய்வது, உணவும் மருந்தும் மற்ற பொருள்களும் எப்படி வரும், கடைசிப் பகுதியில் யார் தலைமை என்பதும் எப்படித் தொடர்புகொள்வது என்பதும். வரிசை மாறாததால், தூக்கக் கலக்கத்தில் கேட்பவருக்குக்கூட ஒரு பகுதி விடுபட்டால் தெரிந்துவிடும்.

ரேடியோவில் பேசுவதற்கும் தனி மரபு இருக்கிறது. "ரோஜர்" என்றால் செய்தி வந்து சேர்ந்தது என்று மட்டும் பொருள், "வில்கோ" என்றால் அப்படியே செய்கிறேன் என்று பொருள். கேட்டது வேறு, ஒப்புக்கொண்டது வேறு. திரும்பச் சொல்லும்படி கேட்க "சே அகெய்ன்" என்பார்கள், "ரிப்பீட்" என்று சொல்லமாட்டார்கள். பீரங்கிப்படையினருக்கு "ரிப்பீட்" என்பது அதே இலக்கில் மறுபடி சுடச் சொல்லும் கட்டளை.

சுருக்கமாகச் சொன்னால், சொல்வதோடு தகவல் தொடர்பு முடிவதில்லை. சொன்னது எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டது என்பது சொன்னவரிடம் திரும்பி வந்த பிறகுதான் அது முழுமையாகிறது. கேள்வி கேட்பது ஒழுங்கீனம் அல்ல, அந்த முறையின் ஒரு பகுதி.

"என்ன" மட்டும் போதாது, "எதற்காக" வேண்டும்

சரி, கட்டளை தெளிவாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. போன இடத்தில் நிலைமை மாறிவிட்டால்?

"அந்தப் பாலத்தைக் கைப்பற்றுங்கள்" என்று ஒரு அணிக்குச் சொல்லப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். போய்ப் பார்த்தால் பாலம் ஏற்கெனவே இடிந்து கிடக்கிறது. கட்டளை அங்கேயே தீர்ந்துபோய்விட்டது. இதுவே, "நாளை காலைக்குள் நம் வண்டிகள் ஆற்றைக் கடக்க வேண்டும், அதற்காக அந்தப் பாலத்தைக் கைப்பற்றுங்கள்" என்று சொல்லியிருந்தால்? அணித் தலைவர் ஆற்றைக் கடக்க வேறு இடம் தேடிப் போவார். ஒரு வாக்கியத்தில் சேர்த்த அந்தக் காரணத்தைத்தான் தளபதியின் நோக்கம் என்கிறார்கள். நோக்கத்தைச் சொல்லி, வழியைக் கீழே இருப்பவரிடம் விடும் முறைக்கு மிஷன் கமாண்ட் என்று பெயர்.

இது நேற்று வந்த யோசனை அல்ல. 1806-ல் ஜீனா போரில் நெப்போலியனிடம் ஜெர்மானிய அரசான பிரஷ்யா படுதோல்வி அடைந்தது. பிரஷ்யப் படை இறுக்கமான ட்ரில்லுக்குப் பேர்போனது. ஆனாலும் வேகமாக மாறும் களத்தில், மேலிருந்து உத்தரவு வரும்வரை காத்திருக்கும் படையாக அது இருந்தது. அந்தத் தோல்விக்குப் பின் வந்த சீர்திருத்தங்களும், பிற்பாடு மோல்ட்கே போன்ற தளபதிகள் வலியுறுத்தியதும், களத்தில் இருக்கும் அதிகாரி சொந்தமாக முடிவெடுக்க வேண்டும் என்ற பழக்கத்தை வளர்த்தன. இன்று அமெரிக்க, பிரிட்டிஷ் ராணுவங்கள் உட்படப் பல படைகள் இதைத் தங்கள் கோட்பாடாகவே எழுதி வைத்திருக்கின்றன.

ஒழுங்கும் சுதந்திரமும் எதிரெதிர் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. எப்போது எங்கே இருப்பார், எதைச் சொன்னால் எப்படிப் புரிந்துகொள்வார் என்று நம்ப முடிகிற ஒருவரிடம்தான் "வழியை நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று சொல்ல முடியும். அதனால்தான் வரிசையில் ஒழுங்கு முதலிலும் சுதந்திரம் பிறகும் வருகின்றன.

தலைமை தவணை முறையில் வருகிறது

தலைமைக் குணம் பிறவியிலேயே இருக்க வேண்டும் என்று அகாடமிகள் நம்பியிருந்தால், தேர்வை மட்டும் நடத்திவிட்டுப் பயிற்சியை விட்டுவிட்டிருக்கும். அவை செய்வது வேறு. பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கின்றன.

வெஸ்ட் பாயின்ட்டில் முதலாண்டு முழுக்கப் பின்பற்றுவதுதான் வேலை. இரண்டாம் ஆண்டில் ஓரிரு முதலாண்டு மாணவர்களுக்குப் பொறுப்பு. அந்த ஒருவர் காலணியைத் துலக்கவில்லை என்றால், பாடத்தில் பின்தங்கினால், வீட்டு நினைவில் வாடினால், அதை முதலில் கவனிக்க வேண்டியவர் இவர்தான். மூன்றாம் ஆண்டில் ஒரு சிறு குழு. நான்காம் ஆண்டில் முழுப் படையணியின் அன்றாடத்தையே கேடட்டுகள் நடத்துகிறார்கள். கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டுகள் ஆறு பருவங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மூத்த பருவத்தில் சிலர் ஸ்குவாட்ரன் கேடட் கேப்டன் போன்ற பொறுப்புகளை ஏற்கிறார்கள். ஸ்குவாட்ரன் என்பது சேர்ந்து தங்கி, சேர்ந்து பயிலும் ஒரு பிரிவு.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இரண்டாம் ஆண்டின் ஏற்பாடுதான். ஒரே ஒருவருக்குத் தலைவராக இருப்பது நூறு பேருக்குத் தலைவராக இருப்பதைவிடச் சிரமமானது. நூறு பேர் முன்னால் பேச்சால் சமாளிக்கலாம். ஒருவர் முன்னால் முடியாது. நாம் சொல்வதை நாமே செய்கிறோமா என்று அவர் தினமும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

களப் பயிற்சிகளில் தலைமை சுற்றிச் சுற்றி வரும். இன்று அணித் தலைவராக இருந்தவர் நாளை சுமை தூக்குவார். பயிற்சி முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து நான்கு கேள்விகளைப் பேசுவார்கள்: என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன மாற்ற வேண்டும். அங்கே தலைவராக இருந்தவரின் தவற்றைப் படைவீரராக இருந்தவர் முகத்துக்கு நேரே சொல்வார். உடன் பயில்பவர்களே ஒருவரையொருவர் மதிப்பிடும் முறையும் பல அகாடமிகளில் உண்டு. பயிற்சி அதிகாரியின் முன் நடிக்க முடியும், ஒரே அறையில் தங்குபவரிடம் மாதக்கணக்கில் நடிக்க முடியாது.

இதற்கெல்லாம் பின்னால் இருக்கும் மனப்பாங்கை சாண்ட்ஹர்ஸ்ட் தன் குறிக்கோளாக வைத்திருக்கிறது: தலைமை தாங்கச் சேவை செய். டேராடூன் அகாடமியின் தொடக்க விழாவில் 1932-ல் அப்போதைய இந்தியப் படைகளின் தலைமைத் தளபதி சர் பிலிப் செட்வுட் பேசியதில் ஒரு பகுதி இன்றும் அங்கே வாழ்கிறது. நாட்டின் பாதுகாப்பும் மதிப்பும் நலனும் எப்போதும் முதலில், உன் தலைமையில் இருப்பவர்களின் மதிப்பும் நலனும் வசதியும் அடுத்து, உன் சொந்த வசதியும் பாதுகாப்பும் எப்போதும் கடைசியில். அந்த அகாடமியின் முதல் அணியில் இருந்த நாற்பது பேரில் ஒருவர்தான் பிற்பாடு ஃபீல்டு மார்ஷல் ஆன சாம் மானெக்‌ஷா.

கடுமை வேறு, கொடுமை வேறு

இனி, எல்லோரும் தயங்கும் விஷயம். மூத்த மாணவர்கள் இளையவர்களைத் துன்புறுத்துவது பல அகாடமிகளின் வரலாற்றில் உண்டு. வெஸ்ட் பாயின்ட்டில் அது அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை வரை போனது. 1901-ல் நடந்த அந்த விசாரணையில் சாட்சியாக அழைக்கப்பட்ட கேடட்டுகளில், பிற்பாடு புகழ்பெற்ற அமெரிக்கத் தளபதியான டக்ளஸ் மெக்ஆர்தரும் ஒருவர், அவரும் அதை அனுபவித்தவர். 1919-ல் அதே அகாடமிக்குத் தலைவராக வந்தபோது அதைக் கட்டுப்படுத்த முனைந்தார்.

துன்புறுத்தலை ஆதரிப்பவர்கள் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "இதைத் தாங்கினால்தான் போரைத் தாங்குவான்." இதற்குப் பதில் 1879-லேயே சொல்லப்பட்டுவிட்டது. அப்போதைய வெஸ்ட் பாயின்ட் தலைவர் ஜான் ஸ்கோஃபீல்டு கேடட்டுகளிடம் சொன்னதன் சாரம் இது: சுதந்திர நாட்டுப் படைவீரர்களைப் போரில் நம்பத்தக்கவர்களாக்கும் ஒழுங்கு, கடுமையாகவும் கொடுங்கோன்மையாகவும் நடத்துவதால் வருவதில்லை, அப்படி நடத்துவது படையை உருவாக்குவதைவிட அழிக்கவே அதிக வாய்ப்புண்டு. ஒரே கட்டளையைக் கீழ்ப்படிய ஆசை வரும் விதத்திலும் சொல்லலாம், வெறுப்பு வரும் விதத்திலும் சொல்லலாம் என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். அங்கே கேடட்டுகள் இந்தப் பகுதியை இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள்.

வேறுபாட்டை அறிய ஒரு எளிய சோதனை போதும். பயிற்சியின் கடுமைக்கு ஒரு நோக்கம் இருக்கும், ஓர் அளவு இருக்கும், கொடுப்பவர் மேல் கண்காணிப்பு இருக்கும், அதை வெளிப்படையாகச் செய்ய முடியும். கொடுமைக்கு இந்த நான்கும் இருக்காது. ஒளிந்து செய்ய வேண்டியிருக்கிறது என்றாலே அது பயிற்சி அல்ல.

கீழ்ப்படிதலுக்கு எல்லை உண்டு

வெஸ்ட் பாயின்ட்டின் ஹானர் கோட் எனப்படும் நேர்மை விதி ஒரே வரிதான்: கேடட் பொய் சொல்லமாட்டார், ஏமாற்றமாட்டார், திருடமாட்டார், அப்படிச் செய்பவர்களைப் பொறுத்துக்கொள்ளவும்மாட்டார். கடைசிப் பகுதிதான் உறுத்தும். நண்பனைக் காட்டிக்கொடுப்பதா என்று தோன்றும். ஆனால் "காவல் சுற்றி வந்துவிட்டேன், எல்லாம் பாதுகாப்பு" என்று நண்பன் பொய் சொன்னால், அதை நம்பித் தூங்குகிறவர்கள் மற்ற எல்லோரும்தான். விதி இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுவதும் இல்லை. 1976-ல் அங்கே ஒரு மின்பொறியியல் தேர்வில் நடந்த முறைகேட்டில் 150-க்கும் மேற்பட்ட கேடட்டுகள் வெளியேற நேர்ந்தது. விண்வெளி வீரர் ஃபிராங்க் போர்மன் தலைமையில் அமைந்த குழு, அகாடமிக்கும் அதில் பொறுப்பு உண்டு என்று சொன்னது. பலருக்குத் திரும்பி வர வாய்ப்பும் கொடுக்கப்பட்டது.

கீழ்ப்படிதல் எங்கே நிற்க வேண்டும் என்பதும் பாடத்தில் இருக்கிறது. இந்தியாவின் 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டம், சட்டப்படியான கட்டளையை மீறுவதைத்தான் குற்றம் என்கிறது. மேலதிகாரி சொன்னார் என்பது போர்க்குற்றத்துக்குத் தப்பும் வழியாகாது என்பது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நாஜித் தலைவர்கள் மீது நடந்த நியூரம்பர்க் விசாரணைகளுக்குப் பின் உலகம் ஏற்றுக்கொண்ட நெறி. சரணடைந்தவரைச் சுடச் சொன்னால் சுடக்கூடாது. ஆனால் பிடிக்காத கட்டளை வேறு, சட்டத்துக்குப் புறம்பான கட்டளை வேறு. திட்டம் சரியில்லை என்று தோன்றினால், முடிவு எடுக்கப்படும் முன் தெளிவாக எடுத்துச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். முடிவானபின் அதைத் தன் முடிவாகவே ஏற்றுச் செய்ய வேண்டும். சட்டத்துக்குப் புறம்பாகத் தோன்றினால், முதலில் கட்டளையைத் திருப்பிச் சொல்லி, தான் புரிந்துகொண்டது சரிதானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். சரிதான் என்றால் செய்யமாட்டேன் என்று நேராகச் சொல்லி, அவருக்கு மேலே இருப்பவரிடம் தெரிவிக்க வேண்டும்.